சேவத்தூர்க் கார்பனடைட்டு: காலமும் மூலமும்

ஆம்பூர்த் தோல் தொழிற்பகுதிக்குத் தெற்கே, 2019 வரை வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பத்தூரை அடுத்துள்ளது சேவத்தூர். இங்குள்ள கார்பனடைட்டுப் பாறையில் நையோபியத்தின் தாதுவான பைரோகுளோர் காணப்படுகிறது. தோற்றத்தில் சுண்ணாம்புக்கல்லை ஒத்த இப்பாறை கடற்படிவு அன்று. பாறைக்குழம்பு இறுகி உருவானது.

இதன் வயதை அறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பொட்டாசியம்–ஆர்கான் முறைக்கு உகந்த கனிமம் மைக்கா. சேவத்தூரிலோ அம்மைக்கா பலவிடங்களில் சிதைந்து வெர்மிகுலைட்டாக மாறியுள்ளது. அம்மாற்றத்தில் பொட்டாசியம் வெளியேறிவிடும். சுரங்கத்துக்குப் பொருள் தந்த சிதைவே காலக்கணக்கைக் குலைக்கவும் வல்லது. 1997இல் ஷ்லைக்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காரீய ஐசோடோப்பு விகிதங்களை அடிப்படையாகக் கொண்டது. அண்மைக்காலச் சிதைவில் யுரேனியம் கசிந்திருப்பினும், அதற்கு முன்னரே திரண்ட காரீயத்தின் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. அவர்கள் கண்ட வயது 80.1 கோடி ஆண்டுகள். பிழை வரம்பு 1.1 கோடி.

வயது மட்டும் மூலத்தைக் காட்டாது. ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் விகிதங்கள் செறிவூட்டப்பெற்ற புவிக் கவசத்தைச் சுட்டுகின்றன. மேலோட்டுப் பாறை கலந்ததால் நேர்ந்த விளைவோ என ஐயுறலாம். ஆயின் கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியம் மிகுதியாதலின், சிறு கலப்பு அவ்விகிதத்தை அசைக்காது; இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஒகேனக்கல் கார்பனடைட்டோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஆகவே வடதமிழகக் கார்பனடைட்டுகளை ஒரே காலத்தனவாகத் தொகுத்துரைப்பது பொருந்தாது.