தீர்ப்புக்குப் பின்னும் கிடக்கும் மண்

தில்லி கரோல் பாக்கை ஒட்டிச் செல்லும் புசா ரோட்டுக்குப் பெயர் பீகாரிலிருந்து வந்தது. 1905இல் பீகாரின் புசா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின் 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஊரின் பெயரும் உடன் வந்து சேர்ந்தது. மண்ணைப் பயில்வது அந்நிறுவனத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. மேற்குத் தில்லியின் கேசோப்பூர்க் கழிவுநீர்ப் பாசன நிலங்களை அதன் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிவுநீர் பாய்ந்த மண்ணில் துத்தநாகம், செம்பு, நிக்கல், காரீயம் ஆகியவை கூடியிருப்பதை 2005இல் வெளியிட்டனர். மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்லும் அறிவு இந்தியாவில் நெடுங்காலமாகவே உண்டு. அளந்தபின் அந்த மண்ணை என்ன செய்வது, யார் செய்வது என்னும் கேள்விதான் இன்றுவரை இழுபடுகிறது.

அக்கேள்வியின் சட்ட வரலாறும் இச்சாலையின் அருகிலேயே தொடங்குகிறது. புசா ரோட்டிலிருந்து மேற்கே பட்டேல் நகர், சாதிப்பூர் கடந்து மோத்தி நகர்ப் பக்கம் சென்றால் சிவாஜி மார்க் வரும். அங்கு இயங்கிய ஸ்ரீராம் உணவு, உர ஆலையில் 1985 டிசம்பர் 4 அன்று ஓலியம் வாயு கசிந்தது. போபால் பேரழிவு நிகழ்ந்து ஓராண்டு முடிந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அந்த ஆலை குறித்து எம்.சி. மேத்தா முன்னரே தொடுத்திருந்த வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1986 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் கேட்டுக்கு எவ்வித விதிவிலக்குமின்றிப் பொறுப்பாவார் என்றது அத்தீர்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பான ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் அனுமதித்திருந்த விலக்குகள் இங்கே செல்லாமற்போயின. முழுப் பொறுப்புக் கோட்பாடு என்று சட்ட மாணவர் பயில்வது இதுவே.

பத்தாண்டுகள் கழித்து, 1996 பிப்ரவரி 13 அன்று, இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பிச்சரி சிற்றூர் பற்றிய தீர்ப்பு வந்தது. சாயத் தொழிலுக்கான எச்-அமிலம் அங்கே சிறிது காலமே உற்பத்தியாயிற்று. ஆனால் ஏறத்தாழ 2,400 டன் சேற்றுக்கழிவு திறந்த வெளியில் கொட்டப்பட்டுக் கிணறுகளின் நீர் நிறம் மாறியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது இவ்வழக்கில்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 28இல், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த தோல்பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் அந்நெறி உறுதிசெய்யப்பட்டது. முன்னெச்சரிக்கை நெறியும் அதனோடு சேர்ந்தது. ஆகவே யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு 1996க்குள் விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்தும் மண் ஏன் தூய்மையாகவில்லை? பிச்சரியில் சீரமைப்புக்கென 37.385 கோடி ரூபாய் செலுத்துமாறு 1997 நவம்பரில் ஆணையிடப்பட்டது. அத்தொகை வந்துசேரவில்லை. 2011 ஜூலை 18 அன்று, 12 விழுக்காடு கூட்டுவட்டியுடன் செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பணம் யாருடையது என்ற வழக்கு நடந்த அத்தனை ஆண்டும் நச்சு மண் தன் இடத்திலேயே கிடந்தது. மாசுபடுத்தியவர் கொடுத்தபின் தூய்மை தொடங்கும் என்ற ஏற்பாட்டில், அவர் கொடுக்காதவரை தூய்மையும் தொடங்குவதில்லை.

இதன் வேர் நாட்டின் ஆட்சியமைப்பில் உள்ளது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளைச் செயற்படுத்துவதற்காக, பன்னாட்டு உடன்பாடுகள் பற்றிய அரசியலமைப்பின் 253ஆம் பிரிவின்கீழ் நாடாளுமன்றம் இயற்றியது. ஆணையிடும் அதிகாரமும் சீரமைக்கும் அதிகாரமும் அதனால் ஒன்றிய அரசிடம் சென்றன. நிலமும் பொதுச் சுகாதாரமுமோ மாநிலப் பட்டியலில் உள்ளவை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தால் பிறந்தவை; இயங்கும் ஆலைக்கு இசைவு வழங்குவதும் அதைக் கண்காணிப்பதும் அவற்றின் அன்றாட வேலை. மூடிய ஆலையின் மண் அவற்றின் கோப்புகளில் எளிதில் அடங்குவதில்லை. அதிகாரம் ஓரிடத்திலும் நிலம் ஓரிடத்திலுமாக, இடையில் கைவிடப்பட்டன கழிவுக் களங்கள்.

இராணிப்பேட்டை இதற்குத் தமிழ்நாட்டின் சான்று. தோல்பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளை உற்பத்தி செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் இடையில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு 1.5 லட்சம் டன்னுக்கும் மேல். அறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரையும், புற்றுநோயை விளைவிக்கும். மழை பெய்யும்தோறும் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரோடு கலக்கும். 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. இதற்கு வேதியியல் வழி உண்டு. இரும்பு சல்பேட்டு போன்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால், கரையும் குரோமியம் எளிதில் கரையாத மும்மை இணைதிறன் வடிவத்துக்கு மாறும். கைக்கு எட்டிய தொழில்நுட்பம் இருந்தும் குவியல் பல்லாண்டு கிடந்ததற்குக் காரணம், அதைச் செய்தே தீரவேண்டும் என்னும் கடமை எந்த ஓர் அலுவலகத்தின் மீதும் தெளிவாக விழாததே.

மாநில அரசு தானே களத்தில் இறங்கும்போது நிகழ்வதைப் போபால் காட்டுகிறது. யூனியன் கார்பைடு ஆலையின் குத்தகை நிலத்தை மத்தியப் பிரதேச அரசு 1998இல் திரும்பப் பெற்றது. நிலத்தோடு நஞ்சும் அரசின் கைக்கு வந்தது. 2004இல் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. 2005இல் ஆலை வளாகத்தில் சிதறியிருந்த கழிவு திரட்டப்பட்டுக் கிடங்கில் அடைக்கப்பட்டது. அதன்பின் இடம் தேடும் படலம் தொடங்கிற்று. குஜராத்தின் அங்கலேஷ்வருக்குக் கொண்டுசெல்லும் திட்டம் நிறைவேறவில்லை. 2012இல் ஜெர்மனிக்கு அனுப்பும் பேச்சும் முறிந்தது. 2015இல் தார் மாவட்டத்துப் பீதம்பூரில் 10 டன் சோதனையாக எரிக்கப்பட்டது. பின்னர் 2024 டிசம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் நான்கு வாரக் கெடு விதித்தது. 2025 புத்தாண்டு நாளின் இரவில் 12 கொள்கலன் வண்டிகளில் 337 டன் கழிவு பீதம்பூருக்குப் புறப்பட்டது. அங்கே மக்கள் கொதித்தெழுந்தனர்; இருவர் தீக்குளிக்க முயன்றனர். சோதனைகளுக்குப் பின் எரிப்பு 2025 ஜூன் இறுதியில் முடிந்தது. எஞ்சிய சாம்பலும் கசடும் 800 டன்னுக்கும் மேல். எரிக்கும்போது சேர்க்கப்பட்ட சுண்ணாம்பும் பிறவும் அந்த எடையில் அடங்கும்.

இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் முடிந்த பணி என்பதால் இது செய்தியாயிற்று. ஆனால் நாக்பூரின் நீரியும் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் 2010இல் அளித்த மதிப்பீட்டில், ஆலை வளாகத்தின் மாசடைந்த மண் ஏறத்தாழ 11 லட்சம் டன். எரிக்கப்பட்ட 337 டன் அதில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. உயர் நீதிமன்றத்தின் கெடுவை நிறைவேற்றுவதற்கும் ஓர் இடத்தைத் தூய்மை செய்வதற்கும் உள்ள தொலைவை இந்த இரண்டு எண்களே சொல்லும். பீதம்பூர் மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவதும் பொருந்தாது. ஓரூரின் நஞ்சு இன்னோர் ஊருக்கு மாற்றப்படும்போது, பெறும் ஊரின் ஒப்புதலைக் கேட்கும் முறை வேண்டும்.

எவ்வளவு தூய்மை போதும் என்பது அடுத்த சிக்கல். கொடைக்கானலின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணில் எஞ்சிய பாதரசத்துக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்னும் அளவு ஏற்கப்பட்டபோது, காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் ஒட்டிய இடத்துக்கு அது மிகத் தளர்வானது என்று சூழல் அமைப்புகள் வாதிட்டன. நாடு முழுமைக்கும் பொதுவான மண் தர அளவு இல்லாத நிலையில், ஒவ்வோர் இடத்துக்கும் எண் தனித்தனியே பேசி முடிவாயிற்று. அத்தகைய பேச்சில் கிணற்று நீர் குடிப்பவரின் குரல் வலுவாக ஒலிப்பதில்லை.

மாற்று வழி வேறு நாடுகளில் முன்னரே முயலப்பட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1976இலேயே கசிவு இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. லவ் கேனால் குடியிருப்பின் துயரம் 1978இல் வெளிப்பட்டபின், 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் எனப்படும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பெட்ரோலிய, வேதித் தொழில்களின்மீது வரி விதித்து நிதி திரட்டினார்கள். அரசு முதலில் தூய்மை செய்யும். பின்னர் பொறுப்பாளியைத் தேடிச் செலவை வசூலிக்கும். இதன் சிறப்பு அந்த வரிசைமுறையில்தான் இருக்கிறது. 1995இல் அவ்வரி காலாவதியானபின் பணிகள் தளர்ந்தன என்பதும் கருதத்தக்கது. நிலையான நிதியின்றிச் சட்டம் மட்டும் மண்ணைத் தோண்டாது.

இந்தியாவில் உலக வங்கியின் துணையுடன் 2010இல் தொடங்கிய தொழிற்சாலை மாசு மேலாண்மைத் திட்டம், ஒருங்கிணைந்த ஆந்திரத்தையும் மேற்கு வங்கத்தையும் முன்னோடி மாநிலங்களாகக் கொண்டது. கொல்கத்தாவின் தாப்பா குப்பைக்களமும் ஹைதராபாத்தின் நூர் முகம்மது குண்டா ஏரியும் அதில் இடம்பெற்றன. நாடளாவிய விதிகளோ 2025 ஜூலையில்தான் வந்தன. மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிருவாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்கவேண்டும். பொறுப்பாளி கிடைக்காதபோதோ செலுத்த இயலாதபோதோ ஒன்றிய, மாநில அரசுகள் செலவைப் பகிரவேண்டும். அடையாளம் காணப்பட்ட 103 இடங்களுள் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் இவ்விதிகள் வந்தன. அடுத்த மாதம், ஆகஸ்ட் 4 அன்று, தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தொடுத்த மேல்முறையீட்டில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சீரமைப்புக்கான இழப்பீட்டை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

நாற்பதாண்டு இடைவெளியை இவை இரண்டும் ஓரளவு நிரப்புகின்றன. எனினும் கண்டறிவதற்குக் கெடு வைத்த விதிகள் தூய்மையை முடிப்பதற்குக் கெடு வைக்கவில்லை. மாவட்ட நிருவாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கையும், கோப்பில் உறங்கும் இன்னொரு தாளாகிவிடக்கூடும்.

இவ்வரலாறு இதுகாறும் பெரும்பாலும் தீர்ப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வழக்குப் பெயர், அமர்வு, கோட்பாடு என்ற வரிசையில் பயிலும் மாணவருக்குப் பிச்சரி 1996இல் முடிந்துவிடுகிறது. போபால் எரியுலை அணைந்த நாளில் முடிந்துவிடுகிறது. ஊராரின் கிணற்றில் அது முடியவில்லை. மாநிலத் திட்டங்களை மதிப்பிட முனைவோர் வருவாய்த் துறை ஆவணங்களையும் வாரியங்களின் நீர் ஆய்வு முடிவுகளையும் ஆண்டுவாரியாக எடுத்து அடுக்கவேண்டும். நிலம் யார் கைக்கு எப்போது மாறியது, அப்போது மண் சோதிக்கப்பட்டதா, மாசின் விவரம் நிலப் பதிவேட்டில் ஏறியதா, சீரமைப்புக்குப் பின் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை எந்த அலுவலகம் எத்தனை ஆண்டு சோதித்தது என்பவை அந்த ஆவணங்களில் தேடவேண்டிய விடைகள். புதிய விதிகளின்கீழ் மாவட்டங்கள் அனுப்பவிருக்கும் முதல் பட்டியல்கள் அத்தேடலுக்கு நல்ல தொடக்கமாகும். அப்பட்டியல்களில் இடம்பெறாமற்போகும் ஊர்களின் பெயர்களையும் சேர்த்தே தேடவேண்டும்.