பைத்தான் மெய்நிகர் சூழல்: பழுதுகளும் திருத்தமும்

பைத்தான் மெய்நிகர் சூழல் என்பது ஒரு திட்டத்துக்கு வேண்டிய தொகுப்புகளை, கணினியில் உள்ள மற்றவற்றோடு கலந்துவிடாமல் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2007இல் இயன் பிக்கிங் எழுதிய வெர்ச்சுவல்என்வ் இதைப் பரவலாக்கியது. 2012இல் வெளியான பைத்தான் 3.3 முதல் வென்வ் என்ற பெயரில் இது மொழியோடு சேர்ந்தே வருகிறது. தொகுப்புகளை இறக்கி நிறுவும் வேலை பிப்பினுடையது.

தொகுப்பை நிறுவியாயிற்று, பிழை ஏதும் காட்டவில்லை. நிரலை ஓட்டினால் மட்டும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நிற்கும். பெரும்பாலும் பிப் ஒரு பைத்தானில் நிறுவியிருக்கும், நிரல் வேறொரு பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சகஜம். நிரலின் தொடக்கத்தில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை அச்சிட்டுப் பார்த்தால் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். 'பிப் இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்தால் இந்தக் குழப்பமே எழாது. பெயர் மாறாட்டமும் உண்டு: ஒரே தொகுப்பு நிறுவும்போது பில்லோ, நிரலில் அழைக்கும்போது பிஐஎல்.

சூழல் கோப்புறையை இடம் மாற்றுவது அடுத்த வம்பு. லினக்ஸில் அதனுள் இருக்கும் பிப் சில வரிகளே கொண்ட குட்டிக் கோப்பு, #! என்று தொடங்கும் முதல் வரியில் சூழலின் பைத்தான் இருக்கும் முழுப் பாதையும் பதிந்திருக்கும். கோப்புறையின் பெயரை மாற்றினால் அந்தப் பாதை செத்துப்போகும். சூழலை முனையத்தில் செயல்படுத்தும் ஆக்டிவேட் கோப்பிலும் பழைய பாதைதான். அதனால் முனையத்தில் சூழலின் பெயர் அழகாகத் தெரியும், ஓடுவதோ கணினியின் பொதுப் பைத்தான். இதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். சூழலை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே சுருக்கவழி. பத்திரப்படுத்த வேண்டியது சூழலை அல்ல, எந்தெந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்ற ரிக்வயர்மென்ட்ஸ் பட்டியலை.

சூழல் இல்லாமலே நிறுவப் பார்த்தால், 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ், கணினியின் பொதுப் பைத்தானில் பிப் கைவைப்பதைத் தடுக்கிறது. தடையை மீறும் விருப்பத்தேர்வின் பெயர் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதைவிட வெளிப்படையான எச்சரிக்கை வேண்டியதில்லை.

ஒரே கட்டளையில் நிறுவும் இரண்டு தொகுப்புகள் மூன்றாவது ஒன்றின் ஒத்துப்போகாத பதிப்புகளைக் கேட்டால், 2020இல் வெளியான பிப் 20.3 முதல் நிறுவலே நின்றுவிடும். முந்தைய பிப் ஏதோவொரு பதிப்பைப் போட்டுவிட்டுப் போய்விடும். கோளாறு பிறகுதான் தலைகாட்டும். பொயட்ரி, 2024இல் வந்த யூவி போன்ற கருவிகள் பதிப்புகளைப் பூட்டுக்கோப்பில் உறைய வைக்கின்றன.

விண்டோஸ் பவர்ஷெல் சில கணினிகளில் ஆக்டிவேட் கோப்பை ஓடவிடாது. ஆனால் ஆக்டிவேட் செய்வது கட்டாயமில்லை. சூழலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தாலே அந்தச் சூழல் இயங்கும்.