மூச்சுக் கணக்கு: போர் நீர்மூழ்கிகளில் காற்றும் மாலுமி வாழ்வும்

நீர்மூழ்கிக் கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் டார்பிடோக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்ற கேள்வி அடிக்குறிப்போடு நின்றுவிடும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனாலே அவர்கள் எப்போது தூங்கினார்கள், எத்தனை நாள் கடலில் தாங்கினார்கள், எப்படிச் செத்தார்கள் என்பதெல்லாம் விளங்கிவிடும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மாலுமியின் நலம் கருதிக் கடற்படைகள் செய்த மாற்றங்கள் சொற்பம். இயந்திரத்துக்காகவும் போர்த் தேவைக்காகவும் செய்தவற்றில் மாலுமிக்கும் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தொடக்க காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்க விடுதலைப் போரில், 1776இல், ஒற்றை ஆள் கையால் சுற்றி ஓட்டிய 'டர்ட்டில்' சுமார் அரை மணி நேரக் காற்றோடு மூழ்கியது. 1864 பிப்ரவரியில் சார்ல்ஸ்டனுக்கு வெளியே ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்த 'ஹன்லி'யின் எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. மாலுமி வாழ்க்கை என்று சொல்லத்தக்க ஒன்று, ஜான் ஹாலந்து வடிவமைத்த நீர்மூழ்கியை 1900இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய பிறகே தொடங்குகிறது. நீர்மேல் பெட்ரோல் எஞ்சின், நீருக்குள் பேட்டரி என்பது அதன் ஏற்பாடு. அடுத்த ஆண்டே பிரிட்டனும் அவ்வடிவத்தைக் கட்டியது. மூடிய இரும்புக் கூட்டுக்குள் பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் தேங்கின. அதனால் பிரிட்டிஷ் கப்பல்களில் வெள்ளெலிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள். எலி துவண்டால் ஆபத்து. ஆனால் ஆவி தீப்பற்றுவதை எலியால் தடுக்க முடியாது. 1905 பிப்ரவரியில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் ஏ-5 அப்படித்தான் வெடித்தது. பெட்ரோலின் இடத்துக்கு டீசல் வந்தபோது காற்று சற்றுத் தெளிந்தது. நெடுந்தூரம் போவதும் தீ விபத்தைத் தவிர்ப்பதுமே அதற்குக் காரணங்கள்.

குளிர்சாதனத்தின் கதையும் இதே மாதிரிதான். அமெரிக்க நீர்மூழ்கிகளில் அது முதலில் பொருத்தப்பட்டது 1934இல் பணியில் சேர்ந்த 'கட்டில்ஃபிஷ்' கப்பலில். வெப்பமண்டலக் கடலில் மூழ்கியதும் மாலுமிகளின் வியர்வையும் மூச்சின் ஈரமும் இரும்புச் சுவரில் நீர்த்துளியாகப் படிந்து, மின்கருவிகளுக்குள் வடியும். மின்கசிவும் தீயும் நேரும். அந்த மின்கசிவுதான் குளிர்சாதனத்துக்கு வலுவான வாதமாக எடுபட்டது. மாலுமியின் புழுக்கத்தை மட்டும் காட்டியிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பழைய தலைமுறை அதிகாரிகள் சிலர் அப்போதும் இதைச் சொகுசு என்றே முகம் சுளித்தார்கள்.

காற்றைப் பற்றிய அறிவு ஒரு பெருந்துயரத்திலிருந்து வந்தது. 1939 ஜூன் 1 அன்று பிரிட்டனில் புதிதாகக் கட்டிய 'தீட்டிஸ்' நீர்மூழ்கி லிவர்பூல் வளைகுடாவில் மூழ்கல் சோதனைக்குப் போனது. அதன் மாலுமிகள் 53 பேர். அன்று உள்ளே இருந்தவர்களோ 103 பேர்: கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள், அதிகாரிகள், சாப்பாடு பரிமாற வந்தவர்கள். கப்பல் சரியாக மூழ்கவில்லை. முன்பக்க டார்பிடோக் குழாய்களில் நீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி போனார். ஒவ்வொரு குழாயின் பின்கதவிலும் சோதித்துப் பார்க்க ஒரு சிறு துளையும் திருகும் உண்டு. திருகினால், உள்ளே நீர் இருந்தால் கொட்டும். ஐந்தாம் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. கதவைத் திறந்தார். வெளிக்கதவு கடலுக்குத் திறந்தே கிடந்தது. அந்தச் சிறு துளையைப் பெயிண்ட் அடைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

முன்பகுதி நிரம்பி, கப்பலின் மூக்கு கடலடியில் குத்தி நின்றது. மறுநாள் காலை பின்பகுதி நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது; மீட்புக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. தப்பியவர்கள் நால்வர், இறந்தவர்கள் 99 பேர். இவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கடல் அல்ல, அவர்களே வெளிவிட்ட மூச்சு. இருமடங்கு ஆட்கள் இருந்ததால் காற்று பாதி நேரத்துக்கே போதுமானதாக இருந்தது.

இறந்தவர்களில் தொழிலாளர்களும் இருந்ததால், தொழிற்சங்கங்கள் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனை அணுகின. அவர் தம்மையும் சில தொண்டர்களையும் இரும்பு அறைக்குள் அடைத்துக்கொண்டு, வெளிவிட்ட மூச்சையே மீண்டும் இழுத்துப் பல மணி நேரம் சோதித்தார். சாதாரணக் காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம். அது 3 சதவீதம் ஆனால் மூச்சிரைப்பும் தலைவலியும் வரும். 6 சதவீதத்தைத் தாண்டினால் சிந்தனை குழம்பும். 10ஐ நெருங்கினால் நினைவு தப்பும். தீட்டிஸின் துயரத்தை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தப்பும் அறையின் கதவுகளையும் வால்வுகளையும் வரிசை பிசகாமல் இயக்க வேண்டியவன், வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தான். ஆக்சிஜன் குறைவதற்கு வெகுமுன்பே கரியமில வாயு மனிதனை வீழ்த்திவிடும் என்பது இதன்பின் கடற்படைகளுக்கு உறைத்தது. இதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். தீட்டிஸும் தூக்கப்பட்டு, 'தண்டர்போல்ட்' என்ற பெயரில் போருக்குப் போய், 1943இல் அத்தனை பேரோடும் மூழ்கியது.

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய ஏழாம் வகைக் கப்பல் 67 மீட்டர் நீளம். அதற்குள் ஐம்பது பேர் வரை. இரு கழிவறைகளில் ஒன்று பயணத்தின் தொடக்கத்தில் உணவுக் கிடங்காகிவிடும். ஒருவன் காவலுக்கு எழுந்ததும் இன்னொருவன் அதே படுக்கையில் விழுவான். மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் ஊர்ந்தால் பேட்டரி சுமார் 80 கடல்மைல் தாங்கும், அதாவது ஏறத்தாழ ஒரு நாள். எதிரி மேலே காத்திருந்தால் வேலையில்லாதவர்களைப் படுக்கச் சொல்லிவிடுவார்கள். படுத்திருப்பவனுக்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாகும். மூக்கை அடைத்து, வாயில் குழாயைக் கவ்வி, கரியமில வாயுவை உறிஞ்சும் பொட்டாஷ் புட்டியின் வழியே மூச்சு விட்டுக்கொண்டு அவர்கள் கிடந்தார்கள். தூக்கம்கூட அங்கே கட்டளைப்படி நடந்தது.

1944இல் பரவலான ஸ்னார்க்கல் குழாய், நீருக்குள் இருந்தபடியே டீசலை ஓட்ட வழி செய்தது. டச்சுக் கடற்படையிடமிருந்து ஜெர்மானியர் கைப்பற்றிய கருவி அது. அலை குழாயின் வாயை மூடினால், டீசல் எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, காது வலியில் மாலுமிகள் துடிப்பார்கள். எதிரி விமானத்திடமிருந்து காத்த கருவியே உள்ளிருப்பவர்களை வதைத்தது. பேட்டரியும் காற்றுக்குப் பகைதான். 1945 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு அருகே யு-1206இல், ஆழத்திலும் இயங்கக்கூடிய கழிவறையைத் தவறாகக் கையாண்டதால் கடல்நீர் பேட்டரியை எட்டிக் குளோரின் வாயு கிளம்பியது. மேலே வந்த கப்பல் தாக்குதலுக்கு ஆளாகி, கடைசியில் கைவிடப்பட்டது. கேலிக்குரிய செய்தியாகவே இதைச் சொல்வது வழக்கம். அந்தச் சூழ்நிலையின் இயல்பான விளைவு என்றே நான் கருதுகிறேன்.

காற்றின் நெருக்கடி அரசியல் முடிவையே தொட்ட தருணம் 1962 அக்டோபர். கியூபா நெருக்கடியின்போது சோவியத் ஒன்றியம் ஃபாக்ஸ்ட்ராட் வகை டீசல் நீர்மூழ்கிகள் நான்கை அனுப்பியது. அவை வடக்குக் கடல்களின் குளிருக்குக் கட்டப்பட்டவை. வெதுவெதுப்பான சர்காசோ கடலில் உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது. குடிநீரும் அளந்தே கொடுக்கப்பட்டது. கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்க, அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளைப் போட்டன. அந்த நான்கில் ஒன்றான பி-59இல் அணுமுனை டார்பிடோவை ஏவும் பேச்சு எழுந்தது என்றும், உடனிருந்த அதிகாரி வாசிலி ஆர்க்கிப்போவ் தடுத்தார் என்றும் அக்கப்பலில் இருந்த ஒருவர் பின்னர் சொன்னார். இந்த நினைவுகூரலின் நுணுக்கங்களை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் தீட்டிஸின் பாடத்தை வைத்துப் பார்த்தால், அந்தக் காற்றில் நிதானம் இழப்பதுதான் இயல்பு. நிதானம் காத்தவரே விதிவிலக்கு.

இந்தியா வாங்கியதும் இதே ஃபாக்ஸ்ட்ராட் வகைதான். முதலாவதான 'கல்வரி' 1967 டிசம்பர் 8 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரீகாவில் பணியில் சேர்ந்தது. அந்த நாளே இந்திய நீர்மூழ்கி நாள். மொத்தம் எட்டுக் கப்பல்கள் வந்தன. அவற்றில் 'குர்சுரா' 2002 முதல் விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. வட்டக் கதவுகளுக்குள் குனிந்து நுழைந்து, டார்பிடோக்களுக்கு நடுவே தொங்கும் படுக்கைகளைப் பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னவை புத்தகச் செய்தியாகத் தோன்றாது.

1955 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' அணுசக்தியில் புறப்பட்டதும் கணக்கு மாறியது. அணு உலைக்குக் காற்று வேண்டாம். அது தரும் அளவற்ற மின்சாரத்தால் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கலாம், அந்த நீரை மின்னாற்பகுத்து ஆக்சிஜன் எடுக்கலாம். கரியமில வாயுவை அமீன் கரைசல் உறிஞ்சும். அதன் நாற்றம் உடுப்பில் ஏறி மாலுமியின் வீடு வரை வரும். 1960 நவம்பரில் கிளம்பிய அமெரிக்க ஏவுகணைக் கப்பல் 'ஜார்ஜ் வாஷிங்டன்' 66 நாள் ரோந்தை முடித்துத் திரும்பியது. கப்பல் களைக்காது, மனிதன்தான் களைப்பான் என்பதால் ஒரே கப்பலுக்கு நீலம், பொன் என இரு மாலுமிக் குழுக்களை நியமித்தார்கள். கடலில் தங்கும் நாளை அதன்பின் உணவுக் கிடங்குதான் தீர்மானித்தது.

ஆபத்து குறைந்தது, நீங்கவில்லை. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் அணு நீர்மூழ்கி 'கூர்ஸ்க்' மூழ்கி 118 பேர் இறந்தார்கள். வெடிப்புக்குப் பின் ஒன்பதாம் பகுதியில் ஒதுங்கிய 23 பேரை, ஆக்சிஜன் தரும் வேதித் தட்டுகளே தீப்பற்றி முடித்தன. 2007இல் ஆர்க்டிக் பனிக்கடியில் பிரிட்டனின் 'டயர்லெஸ்' கப்பலில் ஆக்சிஜன் உண்டாக்கும் வேதி 'மெழுகுவத்தி' வெடித்து இருவர் இறந்தனர்.

காற்று கிடைத்ததும் பொழுது தொலைந்தது. அமெரிக்க அணுக் கப்பல்களில் ஒரு நாள் என்பது நெடுங்காலம் 18 மணி நேரமாக இருந்தது: ஆறு மணி காவல், மீதி பன்னிரண்டில் பயிற்சி, பராமரிப்பு, தூக்கம். உடலின் 24 மணிச் சுழற்சிக்கு இது பொருந்தாது என்று ஆய்வாளர்கள் பலமுறை சொல்லியும், 2014ஐ ஒட்டித்தான் எட்டு மணிக் காவலும் 24 மணி நாளும் பரவலாயின. அங்கும் முன்வைத்த காரணம் விழிப்பு நிலைதான். வீட்டுச் செய்தியும் ஒருவழிப் பாதை. பிரிட்டிஷ் ஏவுகணைக் கப்பல்களில் குடும்பத்தார் எண்ணி அளந்த சொற்களை அனுப்பலாம், பதில் வராது. ஒலிபரப்பினால் கப்பலின் இடம் தெரிந்துவிடும். நீருக்குள் எட்டுவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளே. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இந்தியக் கப்பல்களுக்கு அந்த வேலையைச் செய்கிறது.

மாலுமியின் உடல்நலத்துக்காகவே எடுத்த முடிவுகள் அண்மைக் காலத்தவை. அமெரிக்க நீர்மூழ்கிகளில் புகைபிடிக்கத் தடை வந்தது 2010 இறுதியில்தான். பெண்களை நீர்மூழ்கிகளில் ஏற்காததற்குப் பிரிட்டன் சொன்ன காரணமும் காற்றுதான்: உள்ளே மிகுந்திருக்கும் கரியமில வாயு கருவைப் பாதிக்கும் என்றார்கள். மருத்துவ ஆய்வுக்குப் பின் 2011இல் தடை விலகியது. நார்வேயோ 1985லேயே பெண்களைச் சேர்த்து, 1995இல் ஒரு பெண்ணை நீர்மூழ்கியின் தலைவராகவும் ஆக்கியிருந்தது. தடையாக நின்றது காற்று மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் இன்று இரு கணக்கும் உண்டு. கல்பாக்கத்தில் மாதிரி அணு உலையை ஓட்டிப் பார்த்து இந்தியா கட்டிய அணுசக்திக் கப்பல் 'அரிஹந்த்' 2016இல் பணியில் சேர்ந்தது. 2017 டிசம்பரில் சேர்ந்த புதிய 'கல்வரி'யோ டீசல்-பேட்டரிக் கப்பல். பேட்டரி தீர்ந்தால் அது ஸ்னார்க்கலை உயர்த்திக் காற்றை இழுத்தாக வேண்டும்.