உட்கார்ந்து கிட்டார் வாசிச்சா தோள் வலிக்குதா? தப்பு உங்க மேல இல்ல!

வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரோடு உட்காருகிறீர்கள். முதல் இருபது நிமிடம் சொர்க்கம். அப்புறம் இடது மணிக்கட்டில் ஒரு இழுப்பு. வலது தோள் காதுவரை ஏறியிருக்கிறது. முதுகு கூன் போட்டிருக்கிறது. 'நமக்கு பிராக்டீஸ் பத்தல போல' என்று நினைத்துத் தொடர்கிறீர்கள். ஒரே மாதத்தில் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடுகிறது.

என் கிட்டாரும் அப்படி ஏறியதுதான். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். விஷயம் அது இல்லை. நாம் வாசிக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாற்காலியில் கழிகிறது. வாத்தியமோ மேடையில் நிற்பவருக்காக, தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்காக வடிவம் எடுத்தது.

இப்போது ஒரு நிமிட டெஸ்ட். கிட்டாரை வலது தொடையில் வையுங்கள். வலது முழங்கையை பாடியின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, இடது கையை மெதுவாக எடுங்கள். நெக் தரையைப் பார்த்துச் சாய்கிறதா? அப்படியென்றால், இத்தனை நாளும் உங்கள் இடது கை இரண்டு வேலை பார்த்திருக்கிறது. ஒன்று, ஸ்வரம் பிடிப்பது. இன்னொன்று, கிட்டாரைத் தூக்கிப் பிடிப்பது. இந்த இரண்டாவது வேலைதான் வலி. (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஏற்றப்பலகைக் கணக்கு

சின்ன வயதில் பார்க்கில் ஏறி விளையாடிய ஏற்றப்பலகை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தொடைதான் அதன் நடுக்கட்டை. வழக்கமான கிட்டாரில் ஆறு டியூனிங் கீகளும் சேர்ந்து சுமார் 200 கிராம் இருக்கும். 'இவ்ளோதானா?' என்று தோன்றும். ஆனால், அவை தொடையிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. அதைச் சமன் செய்ய, மறுபக்கம் 14 செ.மீ. தூரத்தில் 1 கிலோ எடை வேண்டும்!

இதனால்தான் 'லைட் வெயிட் கிட்டார் வாங்கினா வலி போயிடும்' என்பது பாதி உண்மை. பாடியின் எடையை மட்டும் குறைத்தால், நெக் இன்னும் வேகமாகக் கீழே போகும். மொத்த எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

மரச்சாமான் செய்தவர் கண்ட வழி

1950-களின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர், ஓரம் மழுங்காத தட்டைப் பலகை. விலாவிலும் முன்கையிலும் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் புலம்பினார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறு படும் இடத்தையும் முன்கை படும் இடத்தையும் சரிவாகச் செதுக்கினார்கள். இன்றுவரை உலகமே காப்பி அடிக்கும் வசதி அது. ஆனால், நான்கே ஆண்டுகளில், 1958-ல் கிப்ஸன் 'ஃப்ளையிங் வி' வந்தது. பார்க்க ராக்கெட் மாதிரி கம்பீரம். வலது தொடையில் வைத்தால் நேராகச் சறுக்கும்.

பெரிய திருப்பம் தந்தவர் அமெரிக்காவின் நெட் ஸ்டைன்பெர்கர். அடிப்படையில் மரச்சாமான் வடிவமைப்பாளர். மனித உடம்பு எப்படி உட்காருகிறது என்று யோசித்துப் பழகிய ஆள். 1977-ல் ஸ்பெக்டர் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த பேஸ் கிட்டாரின் பாடி, வாசிப்பவரின் உடம்போடு ஒட்டி வளைந்திருந்தது. அடுத்து ஹெட்ஸ்டாக்கையே வெட்டிவிட்டார். டியூனிங் பாகங்கள் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டன. ஏற்றப்பலகையின் தொலைவான முனையில் இருந்த எடை மறுமுனைக்கு வந்துவிட்டது. பாடி சின்னதானதால் தொடையில் வைக்க, மடக்கி நீட்டும் ஒரு தாங்கியும் கொடுத்தார்.

கலிஃபோர்னியாவின் ஸ்டீவ் க்ளைன், உட்கார்ந்து வாசிப்பதை மனதில் வைத்தே ஒரு பாடியை உருவாக்கினார். தொடையில் வைத்ததும் நெக் தானாக மேல்நோக்கி நிற்கும். ஜாஸ் கலைஞர் பில் ஃப்ரிஸெல் பல காலம் வாசித்த கிட்டார் இது. 2007-ல் ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சி, இன்று ஹெட்லெஸ் கிட்டார் என்றாலே நினைவுக்கு வரும் பிராண்ட். அவருடைய நெக்கின் பின்பக்கம் உருண்டையாக இருக்காது. பட்டை பட்டையாக இருக்கும். கட்டைவிரல் பதிய ஒரு தட்டையான இடம் கிடைக்கிறது.

நீங்களே செய்வதானால்...

உங்களுக்கென்று ஒரு கிட்டார் செய்யவோ, செய்யச் சொல்லவோ போகிறீர்களா? மரத்தைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் அட்டை: தடித்த அட்டையிலோ பிளைவுட்டிலோ பாடியை வெட்டி, நெக்குக்குப் பதில் ஒரு ரீப்பர் கட்டையைக் கட்டுங்கள். தினமும் வாசிக்கும் அதே நாற்காலியில் உட்காருங்கள். இடது கையை நீட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலானோருக்கு நெக் நன்றாக மேல்நோக்கி ஏறியிருக்கும்போதுதான் அது கிடைக்கும். அந்த நிலையில் தொடை எங்கே படுகிறதோ, அங்கே கோடு போடுங்கள். வளைவு வெட்ட வேண்டிய இடம் அதுதான்.

எந்தத் தொடை? வலது தொடையில் வைப்பது ஒரு பழக்கம். கிளாசிகல் பாணியில் இடது தொடையில் வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி வளைவு கொடுத்தால் வாசிக்கும்போதே மாற்றி உட்காரலாம். ஒரே நிலையில் உறைந்து போகாமல் இருப்பதே பாதி மருந்து. கர்னாடக சங்கீதக் கச்சேரி போல தரையில் சம்மணமிட்டு வாசிப்பவர் என்றால், அட்டை மாதிரியையும் தரையில் வைத்தே பாருங்கள். அங்கே தொடையின் சாய்வே வேறு.

எடை: மொத்தம் இரண்டரை கிலோவைச் சுற்றி இருந்தால் சுகம். எடை குறைக்க உள்ளே குடைவதாக இருந்தால் நெக் பக்கம் குடையுங்கள். வால் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

நீளம்: ஃபெண்டர் பாணி ஸ்கேல் 648 மி.மீ.; கிப்ஸன் பாணி சுமார் 628 மி.மீ. முதல் ஃப்ரெட்டின் அகலத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால், கை எட்ட வேண்டிய தூரம் 2 செ.மீ. குறைகிறது, அதே கம்பிகள் கொஞ்சம் இளகவும் செய்யும். குட்டைக் கைகளுக்கு இது வரம்.

கேபிள் ஜாக்: நிறைய பேர் கோட்டை விடும் இடம். பாடியின் கீழ் ஓரத்தில் வைத்தால் பிளக் தொடையிலோ நாற்காலியிலோ இடிக்கும். பின் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

முதல் முறை செய்பவர்கள் நெக்கை ரெடிமேடாக வாங்கி, ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவது புத்திசாலித்தனம். ஃப்ரெட் அடிப்பது தனிக் கலை. அதில் சொதப்பினால் எவ்வளவு வசதியான பாடியும் வீண்.

புதுசு வாங்க பட்ஜெட் இல்லையா?

இருக்கிற கிட்டாரிலேயே ஆரம்பிக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்ட்ராப்பை மாட்டுங்கள். எடையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். இடது கைக்கு விடுதலை. உள்பக்கம் சொரசொரப்பான ஸ்ட்ராப் என்றால் கிட்டார் வழுக்காது. கைப்பிடி இல்லாத, இரண்டு பாதமும் தரையில் பதியும் உயரமுள்ள நாற்காலியில் உட்காருங்கள். மெத்தை வேண்டவே வேண்டாம். இடது காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் வைத்துப் பாருங்கள். நெக் மேலே வரும். எடை குறைந்த டியூனிங் கீகளை மாற்றுவதும் பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை. விரல்கள் மரத்துப்போகிறதா, வாசிப்பை நிறுத்திய பிறகும் வலி தொடர்கிறதா? கிட்டாரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். 'வலிச்சாதான் வித்தை வரும்' என்பது விரல் நுனித் தோலுக்கு மட்டும் பொருந்தும். மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் பொருந்தாது.

இன்று ராத்திரி அந்த ஒரு நிமிட டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். இடது கையை எடுத்த பிறகும் கிட்டார் அசையாமல் மடியில் இருந்தால், அது உங்கள் கிட்டார். இல்லையென்றால், பீரோ மேல் ஏற்றுவதற்கு முன் ஒரு ஸ்ட்ராப்பை மாட்டி மறுபடி உட்காருங்கள்.