மூசா நபியின் நாக்கு முடிச்சும் என் ஆங்கிலமும்

என் பேத்தி பொறியியல் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு மாதமாகத் தினமும் இரவு எட்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை எதிரே வைத்து ஆங்கிலம் பேசிப் பழகுகிறாள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. போன வாரம் கதவைத் திறந்துகொண்டு வந்து, "முடியல தாத்தா. மனசுல இருக்கு, நாக்குல வரமாட்டேங்குது" என்றாள்.

இதே வார்த்தையை 1967இல் நான் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எனக்குப் பதிலாகச் சொன்னது மூசா நபியின் வரலாறு. பேத்திக்கு அன்று வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அப்போது எனக்கு எட்டு வயது. கொடி மாறியதே தவிர என் பள்ளிப் பாடம் மாறவில்லை. கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் பிரெஞ்சிலேயே தொடர்ந்தன.

1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று ஒரு ஷரத்து உண்டு. அதை நம்பித்தான் அப்பா என்னை பிரெஞ்சுப் பள்ளியிலேயே விட்டுவைத்தார். அவர் பிரெஞ்சு நிர்வாகத்தில் 'கொம்மி', அதாவது எழுத்தர். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் கெடு வைத்தார்கள். என் வகுப்புத் தோழர்கள் சிலரின் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கொடுக்கவில்லை. "இங்கே பிறந்தோம், இங்கேயே இருப்போம்" என்றார்.

நான் அரசு வேலையில் சேர்ந்தது 1965இல். அதே ஆண்டுதான் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி, மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, அவற்றோடு ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம். சட்டத்தில் அப்படி. எங்கள் பிரிவிலோ கோப்பு, குறிப்பு, மெமோ எல்லாம் ஆங்கிலம். மேலதிகாரி வடக்கிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எனக்கு ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதவும் வரும். பேச வராது.

பிரெஞ்சு படித்தவன் ஆங்கிலம் பேசினால் ஒரு தனிச் சங்கடம் உண்டு. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி எழுதும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பொருள் வேறாக இருக்கும். கூட்டத்துக்குப் போய் வந்ததைச் சொல்ல, பிரெஞ்சு வழக்கில் "ஐ அசிஸ்டட் தி மீட்டிங்" என்பேன். "என்ன உதவி செய்தாய்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதோடு பிரெஞ்சில் 'ஹ' ஒலி கிடையாது. 'ஹவ்' என் வாயில் 'அவ்' ஆகிவிடும்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. 1967இல் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதிகாரி முன் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்ததை மரியாதையாகச் சொன்னேன்: "சார், ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்."

பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது, அவ்வளவுதான். தண்ணீர் கேட்டாலும் அதே சொல், வழி கேட்டாலும் அதே சொல். அவர் காதில் விழுந்ததோ ஆங்கிலச் சொல். முகம் சிவந்து வெளியே போகச் சொன்னார். விடுப்பு இல்லை. மாலைக்குள் மெமோ வந்தது. ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் நேரில் வந்து விளக்க வேண்டும். நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். ஒரு வரி எழுதினால் வேலை போய்விடும். அம்மாவுக்கு அக்காதான் துணைக்கு இருந்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா, "தம்பி வரலையா?" என்று கேட்டதாக அவள் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் பிரிவில் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். தாய்வீடு நாகப்பட்டினம். அது பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்ததால் சின்ன வயதில் அங்கே ஆங்கிலம் படித்தவர், பிறகு காரைக்காலில் பிரெஞ்சும் படித்தார். சாயங்காலம் என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனார். பழைய கலங்கரை விளக்கத்துப் பக்கம் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் சொன்னேன், மனசில் இருப்பது நாக்கில் வரவில்லை என்று.

"தம்பி, இதையே ஒரு நபி சொல்லியிருக்கிறார்" என்றார் பாய்.

மூசா நபியை எனக்குத் தெரியும். பள்ளியில் கிறிஸ்தவ வேதக் கதைகளில் 'மொயீஸ்' என்று படித்திருந்தேன். குர்ஆனில் வேறு எந்த நபியின் பெயரும் வராத அளவுக்கு, 136 இடங்களில் அவர் பெயர் வருகிறது என்பதை பாய் சொல்லித்தான் அறிந்தேன். ஆற்றில் விடப்பட்ட குழந்தை, ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர். ஓங்கிக் குத்திய ஒரு குத்தில் எகிப்தியன் ஒருவன் இறந்துபோக, உயிருக்குப் பயந்து மத்யன் நாட்டுக்கு ஓடியவர். அங்கே கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். அவர்களில் ஒருத்தியை மணக்க, எட்டு வருடம், விரும்பினால் பத்து வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம். அதை முடித்துக் குடும்பத்தோடு வரும் வழியில்தான் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டார். இறைவன் அவரை அழைத்து, ஃபிர்அவ்னிடம் போ என்றான்.

"அப்போ மூசா நபி என்ன கேட்டார் தெரியுமா? படையும் கேட்கலை, பணமும் கேட்கலை" என்றார் பாய். தாஹா அத்தியாயத்தில் அந்த வேண்டுதல் இருக்கிறது. நெஞ்சு விரிய வேண்டும், காரியம் எளிதாக வேண்டும், நாக்கிலுள்ள முடிச்சு அவிழ வேண்டும், அதுவும் கேட்பவர்களுக்குத் தன் பேச்சு புரிவதற்காக. பிறகு துணைக்கு அண்ணன் ஹாரூன் வேண்டும். தன்னைவிட ஹாரூனுக்குப் பேச்சு நன்றாக வரும் என்று மூசா நபியே சொல்வது வேறோர் அத்தியாயத்தில் வருகிறது.

"நல்லாக் கவனி தம்பி. பேச்சாளன் ஆக்குன்னு அவர் கேட்கலை. புரியற அளவுக்கு அவிழ்த்துவிடுன்னுதான் கேட்டார்." விரிவுரை எழுதிய பெரியவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள் என்றார் பாய். குறை முழுவதும் நீங்க வேண்டும் என்று அவர் கேட்காததால் கொஞ்சம் மிச்சம் இருந்துவிட்டது, பின்னால் ஃபிர்அவ்ன் தன் மக்கள் முன், தெளிவாகப் பேசக்கூடத் தெரியாதவன் என்று அவரை இளக்காரம் செய்தது அதனால்தான் என்பது அவர்கள் கருத்து.

இன்னொன்றும் சொன்னார். அண்ணன் தம்பி இருவரையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பும்போது இறைவன் இட்ட கட்டளை, அவனிடம் மென்மையாகப் பேசுங்கள் என்பது. "ஃபிர்அவ்னுக்கே மென்மையான பேச்சுன்னா, உங்க அதிகாரி எம்மாத்திரம்? 'டிமாண்ட்' வேண்டாம், 'ரிக்வெஸ்ட்'னு சொல்லு."

மறுநாள் பாய் என்னோடு அறைக்குள் வந்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் ஆரம்பித்ததும் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "அவனே சொல்லட்டும்" என்றார். எனக்கு வியர்த்தது. "சார், மை பிரெஞ்ச் டிமாண்ட், யுவர் இங்கிலீஷ் ரிக்வெஸ்ட். ஐ நோ டிமாண்ட். ஐ ரிக்வெஸ்ட். மை மதர், ஐ ஆபரேஷன்" என்றேன். இலக்கணம் எதுவும் அதில் இல்லை. அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெமோவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கோப்பில் போட்டார். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். நடவடிக்கை எதுவும் வரவில்லை.

அன்று மாலை பாய் சொன்னார்: "ஹாரூன் கூடப் போனது சரிதான். ஆனா உங்க ரெண்டு பேரோட இறைவன் யாருன்னு ஃபிர்அவ்ன் கேட்டப்போ பதில் சொன்னது யார்? மூசா நபிதான். துணைக்கு ஆள் இருக்கலாம் தம்பி, பதிலை நாமதான் சொல்லணும்." எனக்கு வியப்பாக இருந்தது. நான் பள்ளியில் படித்த கதையில், கடவுள் சொன்னதை மக்களிடம் எடுத்துச் சொன்னவர் ஆரோன். குர்ஆனில் ஃபிர்அவ்னின் சபையில் வாதாடுவது மூசா நபி. நாக்கில் முடிச்சு என்றவருக்குத்தான் இஸ்லாமிய மரபில் 'கலீமுல்லாஹ்', அதாவது இறைவனோடு பேசியவர் என்ற பட்டம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம், மழை இல்லாத நாளெல்லாம் கடற்கரையில் அரைமணி நேரம் ஆங்கிலப் பேச்சு. எதைப் பற்றிப் பேசுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மூசா நபி வரலாற்றில் அவர் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் சொல்வார். மறுநாள் அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பெட்டி ஆற்றில் போனது, அக்கா கரையோரமாகப் பின்தொடர்ந்தது, செவிலியர் எவரிடமும் குழந்தை பால் குடிக்காமல் கடைசியில் பெற்ற தாயிடமே வந்து சேர்ந்தது. இறந்தகாலம் எனக்கு இப்படித்தான் பிடிபட்டது. காளைக்கன்று விவகாரத்தில் கோபத்தோடு திரும்பிய மூசா நபி ஹாரூனின் தாடியைப் பிடிக்க, ஹாரூன் தன் நிலையை விளக்கும் இடம் வந்தபோது, 'நான் அப்படிச் செய்திருந்தால் நீ இப்படிச் சொல்லியிருப்பாய்' என்ற வகை வாக்கியத்தை ஒரு வாரம் பழகினோம். கன்றைச் செய்தது ஆரோன் என்றுதான் நான் பள்ளியில் படித்திருந்தேன். குர்ஆனில் அது சாமிரீ என்பவனின் வேலை. அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது, ஆங்கிலத்திலேயே வாதாடினோம். பாதி நேரம் சிரித்தோம்.

மூசா நபியின் நாக்கில் முடிச்சு எப்படி வந்தது? பாய் சொன்ன கதை முஸ்லிம்களின் விரிவுரைகளிலும் உண்டு, யூதர்களின் பழைய நூல்களிலும் உண்டு. குழந்தை மூசாவைச் சோதிக்க நெருப்புத் துண்டை முன்னால் வைத்தார்களாம். குழந்தை அதை எடுத்து வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டதாம்.

ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு விளக்கத்தைப் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் வட பிரான்சில் வாழ்ந்த ரஷ்பாம் என்ற யூத அறிஞர் எழுதியது. மோசே திக்குவாயர் அல்ல, இளம் வயதிலேயே எகிப்தை விட்டு ஓடியவர், அதனால் எகிப்திய மொழியில் அவருக்குத் தேர்ச்சி இல்லை, அதைத்தான் நாக்கு கனமானது என்று சொன்னார் என்பது அவர் கருத்து. இவருடைய தாத்தா ராஷி என்ற பேரறிஞர், அது திக்குவாய்தான் என்று பொருள் கொண்டு, விளங்க வைக்க அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் கருத்து வேறு. நான் பேரன் பக்கம். கெட்டிக்காரனாக இருந்தும், அதிகாரத்தின் மொழி தெரியாததால் வாயடைத்து நிற்பது என்னவென்று அனுபவித்தவன் நான். அதற்கு நெருப்பு சுட வேண்டியதில்லை.

பாய் ஓய்வு பெற்றுக் காரைக்காலுக்குப் போனார். மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவோம், முதல் ஐந்து நிமிடம் கட்டாயம் ஆங்கிலம். இப்போது அவர் இல்லை. நானும் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் ஆங்கிலத்தில் 'ஹ' இன்றைக்கும் சில சமயம் காணாமல் போகும். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி, "எனக்கு ஹாரூன் யாரு தாத்தா?" என்றாள். "நாளையிலிருந்து நான்தான். கதவைச் சாத்தாமல் கூடத்துக்கு வா" என்றேன். ஒரு வாரமாக இரவு எட்டு மணிக்கு வருகிறாள். நேற்று மத்யன் கிணற்றடி வரை சொல்லி முடித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எல்லாம் புரிந்தது.