பெயர்ப் பிழையும் பிரதிவாதியின் அறிவும்

பிரதிவாதியின் பெயரையும் இருப்பிடத்தையும், அறிய முடிந்த அளவுக்குப் பிராதில் சொல்ல வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை, முதல் விதி. இந்தத் தளர்வு தமிழ்நாட்டுக்கு மிகவும் தேவை. ஒரே ஆள் கிரயப் பத்திரத்தில் தந்தையின் முன்னெழுத்தோடு இருப்பார்; பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்திருக்கும்; ஊர் கூப்பிடுவது வேறொரு பெயரில். வழக்கறிஞர்கள் ‘என்கிற’ போட்டு இரண்டு பெயரையும் எழுதிவைப்பது இதனால்தான்.

பெயர் தவறிவிட்டால் என்ன ஆகும்? சரியான ஆளைத் தவறான பெயரில் குறிப்பிடுவது ஒன்று. தவறான ஆள் மீதே வழக்குப் போடுவது வேறொன்று. முன்னதைத் திருத்தினால் வழக்கு முதலில் தாக்கலான நாளிலேயே நிற்கும். பின்னதில் புதிய பிரதிவாதியைச் சேர்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, அவரைப் பொறுத்தவரை வழக்கு சேர்த்த நாளில்தான் பிறக்கிறது. இடையில் மூன்றாண்டு கடந்திருந்தால் கடன் பாக்கி போனதுதான்.

1960இல் புருஷோத்தம் உமேத்பாய் வழக்கிலும் 1969இல் ஜெய் ஜெய் ராம் மனோகர் லால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தாராளம் காட்டியது. ஆனால் இரண்டிலுமே பெயர் பிசகியது வாதிக்கு. வழக்குத் தொடுத்தவர் யார் என்பதில் எதிராளிக்குக் குழப்பமில்லை. பிரதிவாதியின் பெயர் பிசகும் வழக்குகளுக்கு இத்தீர்ப்புகளை அப்படியே பொருத்துவது அவசரம் என்பேன். அங்கே பாதிக்கப்படுபவர் பிழை செய்தவர் அல்லர்.

21ஆம் பிரிவின் காப்புரை, விடுபட்டது நல்லெண்ணத் தவறால் என்று நீதிமன்றம் கருதினால் முந்தைய தேதியைத் தரலாம் என்கிறது. கேள்வி வாதியின் மனத்தைப் பற்றியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் கோஸ்டா குரோச்சேரே வழக்கில் கேள்வியைத் திருப்பிப் போட்டது. கப்பலில் விழுந்து காயமுற்ற பயணி, இத்தாலியக் கப்பல் நிறுவனத்தை விட்டுவிட்டு அதன் அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். கப்பல் நிறுவனத்தின் பெயர் டிக்கெட்டிலேயே இருந்தது. அதைக் காட்டி, கப்பல் நிறுவனத்தின் மீதான வழக்குக்கு முந்தைய தேதியைத் தரக் கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. வாதிக்கு என்ன தெரியும் என்பதைவிட, பிழை இல்லாதிருந்தால் தன்மீதே வழக்கு வந்திருக்கும் என்பது புதிய பிரதிவாதிக்கு உரிய காலத்துக்குள் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதே அளவுகோல் என்றது உச்ச நீதிமன்றம். நம் காப்புரையையும் இந்தத் திசையில் படிக்கலாம். ‘தரலாம்’ என்ற விருப்புரிமை அதற்கு இடம் தருகிறது.

இதனால் வாதியின் சோம்பலுக்குப் பரிசு கிடைக்கும் என்பார்கள். செலவுத்தொகை விதித்து அதைச் சரிக்கட்டலாம். எனக்குள்ள கவலை மறுபக்கம். ‘இது என் பெயரல்ல’ என்று சம்மனை ஓரம் போட்டவர்மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, நிறைவேற்று மனுவோடு அமீனா வந்து நிற்கும்போது, டிக்ரிக்குப் பின்னால் போய்ப் பார்க்க நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேராதிருந்தால் மட்டுமே அது தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து ஓடும். ஆகவே ஆஜராகி, முதல் வாய்ப்பிலேயே பெயர்ப் பிழையைச் சொல்லிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

பெயர் திருத்த மனு வரும்போது நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: வழக்குக்கு முன் அனுப்பிய வழக்கறிஞர் அறிவிப்புக்கு வந்த பதிலும், சம்மன் சேர்ப்பித்த அறிக்கையும். அறிவிப்புக்குச் சொந்தப் பெயரில் பதில் எழுதியவருக்குப் பழைய தேதியே பொருந்தும். சம்மன் கதவில் ஒட்டப்பட்டதோடு சரி என்றால், அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை வாதிதான் மெய்ப்பிக்க வேண்டும்.