டிக்பாய்: ரயில் போட்ட வழியில் வந்த எண்ணெய்



வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், "நம்ம நாட்டுல முதல்ல எண்ணெய் எங்க சார் எடுத்தாங்க?" என்று கேட்டிருந்தார். அசாமில் உள்ள டிக்பாய் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கதை எண்ணெயில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் டிரேக் 1859-ல் எண்ணெய்க் கிணறு தோண்டினார். எட்டே வருடத்தில், 1867-ல், அசாமின் மாக்கும் பக்கம் 118 அடியில் எண்ணெய் வந்துவிட்டது. ஆனாலும் தொழிலாக நிலைக்கவில்லை. சுற்றிலும் காடு, ரயிலும் கிடையாது.

1881-ல் லண்டனில் அசாம் ரயில்வே அண்ட் டிரேடிங் கம்பெனி தொடங்கப்பட்டது. அவர்கள் குறி தேயிலையும் நிலக்கரியும்தான். நீராவிக் கப்பல் வந்து நிற்கும் திப்ருகர் துறையிலிருந்து மார்கெரிட்டா நிலக்கரிச் சுரங்கம் வரை மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டிய காட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தது. மரம் இழுத்த யானையின் காலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்ததாக ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அந்த ரயில் கம்பெனியே 1889-ல் துளை போட ஆரம்பித்தது. மறு வருடம் 662 அடி ஆழக் கிணறு முடிந்தது. 1901-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அது இன்றும் ஓடுகிறது.

கொஞ்சம் நிலவியல். எண்ணெய் உருவாவது ஷேல் என்ற களிப்பாறையில். அங்கிருந்து மெல்லக் கசிந்து, நுண்துளைகள் உள்ள மணற்கல்லில் போய்த் தங்கும். டிக்பாயில் கிடைத்தது இப்படித் தங்கிய எண்ணெய். "ஷேல் ஆயில்" என்பது தாய்ப்பாறையை விட்டு வெளியேறாத எண்ணெய். பக்கவாட்டில் துளைத்து, தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தி, பாறையைப் பிளந்து எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இந்த முறை பெருகியபோது, குழாய்கள் போதாமல் எண்ணெயை ரயிலில் ஏற்றினார்கள். 2013 ஜூலையில் அந்த எண்ணெய் ஏற்றிய ரயில் கனடாவின் லாக்-மெகாந்திக் ஊருக்குள் தடம்புரண்டு தீப்பற்றியது. 47 பேர் இறந்தார்கள். டிக்பாயில் பாதை முதலில் வந்தது, எண்ணெய் பின்னால் வந்தது. டகோட்டாவில் எண்ணெய் முந்திக்கொண்டது, பாதை ஈடுகொடுக்கவில்லை.

டிக்பாயிலும் உயிர் போகாமல் இல்லை. 1939-ல் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டார்கள். உலகப் போர் தொடங்கியபின் அந்தப் போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆலையின் பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை இயற்கை தீர்மானிக்கிறது. அது எப்போது வெளியே வரும், யார் கைக்குப் போகும் என்பதைப் பாதை போடுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

பழைய வழக்கப்படி ஒரு வீட்டுப்பாடம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் நம் விருதுநகர்–தென்காசி பாதை 1927-ல் வந்தது. அதனால் நம் வட்டாரத்தில் யாருக்கு என்ன கிடைத்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.